கணினிக்குத் தெரியாத சண்முகவடிவு

வடத்தைக் காதுக்குப் பின்னால் சொருகியதும் மற்ற எல்லோருடைய திரையிலும் பெயரும் புகைப்படமும் ஒரு வணக்கமும் வந்தன. சண்முகவடிவின் திரையில் மட்டும் ‘அடையாளம் தெரியாத சாதனம்’ என்று வந்தது.

"அடையாளம் தெரியலையாமா? மூணு வருஷமா இங்கனதான கெடக்கேன்?" என்றாள் வடிவு.

லேப் அசிஸ்டெண்ட் சவரிமுத்து வந்து எட்டிப் பார்த்தார். வாகைமலை பொறியியல் கல்லூரியில் எந்தக் கருவி படுத்துக்கொண்டாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். பிடுங்கினார், ஊதினார், சட்டையில் துடைத்தார், மறுபடி சொருகினார். வடிவுக்குக் காதுக்குப் பின்னால் கூச்சமாக இருந்ததே தவிர, திரையில் மாற்றமில்லை.

வடம் சொருகுகிற இந்தக் காதுக்குழி, ஒன்பதாம் வகுப்பில் அரசாங்கம் எல்லோருக்கும் இலவசமாகப் பொருத்திவிடுவது. ஒரு காலத்தில் சைக்கிள் கொடுத்தார்களாம். சைக்கிளையாவது வேண்டாமென்றால் விற்கலாம். பருவத் தேர்வுகளை இன்னமும் கையால் எழுதித்தான் தொலைக்க வேண்டும், ஆனால் கடைசிப் பட்டத் தேர்வு மட்டும் வடத்தில். மாணவர் உட்கார வேண்டியது, சொருக வேண்டியது. மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பல்கலைக்கழகக் கணினி கேட்டு எடுத்துக்கொள்ளும். ஒரு டீ குடிக்கும் நேரம். பிட் இல்லை, காப்பி இல்லை. கண்காணிப்பாளர்கள் கொட்டாவியைக் கண்காணித்தார்கள்.

சாயங்கால மணி அடித்தால் இணைப்பு மூடிவிடும். அதற்குள் கணினி ஏற்காதவர் ‘வரவில்லை’. அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம். வடிவுக்கு ஆரல்வாய்மொழிக் காற்றாலைக் கம்பெனியில் வேலை தயாராக இருந்தது, பட்டம் கையில் இருந்தால். உச்சிவரை ஏறிப் பழுது பார்க்கும் வேலை. பக்கத்துக் காற்றாலை சுற்றும்போது இது மட்டும் ஏன் நிற்கிறது என்று சின்ன வயதில் பஸ் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டாள், யாரும் சொல்லவில்லை. நேரே ஏறிப் பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தவள். கம்பெனி ஒரு வருடம் காத்திருக்காது.

"கரண்டு பத்தலையோ என்னவோ? காலையில என்னத்தம்மா சாப்பிட்ட?" என்றார் சவரி.

"எனக்கா, கம்ப்யூட்டருக்கா?"

"ஒனக்குத்தான். ரெண்டு வடை தின்னுட்டு வா, பாப்போம்."

தின்றுவிட்டு வந்தாள். அடையாளம் தெரியாத, வயிறு நிறைந்த சாதனம்.

சவரி கணினியை அணைத்துப் போட்டார். பிறகு வடிவை யோசனையோடு பார்த்தார். "நீயும் ஒருக்க ஆஃப் ஆகி ஆன் ஆயிட்டு வாயேன்."

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். வடிவு பெண்கள் ஓய்வறைக்குப் போய் பெஞ்சில் படுத்து, உண்மையிலேயே தூங்கினாள். சோதனை என்று வந்துவிட்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அவளுடைய அம்மாவின் போன்தான் எழுப்பியது.

"ஏட்டி, பரீட்சை முடிஞ்சுதா?"

"முடியாம என்ன செய்யும்?"

"சாப்பிட்டியா?"

"சாப்பிடாம இருப்பாவளா?"

"எப்ப வருவ?"

"வராம எங்கம்மா போவேன்?"

இருவரும் திருப்தியாக போனை வைத்தார்கள். ஒருவருக்கும் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டில் அப்படித்தான். கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் என்னமோ ஏதோ என்று பயந்துவிடுவார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு லேபுக்குத் திரும்பியபோது வடிவு தன் பாணிக்கு வந்திருந்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். வேறு இருக்கையில் உட்கார்ந்தாள், அதே வாசகம். வேறு வடம், அதே வாசகம். பிறகு விடுதி அறைத் தோழி ஹெப்சிபாவைக் கூப்பிட்டாள். ஹெப்சிபா காலையிலேயே தேர்வை முடித்துவிட்டு, வேறு வேலை யாரும் சொல்லாததால் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

"என் எடத்துல, என் கேபிள்ல, நீ ஒருக்க சொருகிப் பாக்கியா?"

"பாக்கேன்."

சொருகிய வேகத்தில் ‘வணக்கம் ஹெப்சிபா’ என்றது கணினி.

"அப்ப கேபிள் சரி," என்றார் சவரி விரலை மடக்கி. "சீட்டு சரி. கம்ப்யூட்டர் சரி. பொறவு மிச்சம் இருக்கது..." மேலே சொல்லாமல் வடிவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான்தான. அதைச் சொல்லதுக்கு என்ன?" என்றாள் வடிவு. "அண்ணே, கம்ப்யூட்டரும் நம்மளும் என்ன பேசிக்கிடுதோம்னு உள்ள பதிவாகும்லா? அதைத் தொறக்க முடியுமா?"

"தொறக்கக் கூடாதும்பாவ."

"பூட்டியிருக்கா?"

"பூட்டலாம் இல்ல."

திறந்தாள். முதலில் ஹெப்சிபாவுடையது. யார் நீ என்று கணினி கேட்டிருந்தது. பெயர், பதிவு எண், துறை என்று ஒரே மூச்சில் பதில் போயிருந்தது. அடுத்து அவளுடையது.

கணினி: யார் நீ?

சாதனம்: கேக்கது யாரு?

கணினி: யார் நீ?

சாதனம்: எதுக்குக் கேக்க?

கணினி: யார் நீ?

சாதனம்: சொன்னா என்ன செய்வ?

இப்படியே காலை முழுவதும் ஓடியிருந்தது. சவரி வாய்விட்டுச் சிரித்தார். "ஏ தாயீ, ஒன் மண்டைக்குள்ளயும் ஒங்க அம்மைதான் உக்காந்திருக்காவளா?"

வடிவு சிரிக்கவில்லை. மற்றவர்களுடைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அத்தனை பேரும் இதே ஜில்லாக்காரர்கள். எங்கே போகிறாய் என்றால் எங்கே போவார்கள் என்று கேட்கிற வீடுகளில் பிறந்தவர்கள். ஒருவர் மண்டைகூட எதிர்க்கேள்வி கேட்டிருக்கவில்லை.

துறைத் தலைவர் குற்றாலிங்கத்தின் அறைக்குப் போனாள். இந்தக் கல்லூரியின் முதல் செட் மாணவர் அவர். படித்த இடத்திலேயே ஆசிரியராகி, நாற்காலி மாறி மாறி இந்த அறைக்கு வந்து சேர்ந்தவர். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார்.

"சார், எல்லாரு மண்டையும் கேட்டதும் பதில் சொல்லுது. என் மண்டை மட்டும் ஏன் சார் திருப்பிக் கேக்குது?"

"நீ டிப்ளமோ முடிச்சு நேரா ரெண்டாம் வருஷம் சேர்ந்தவம்மா," என்றார் அவர். "முதல் வருஷ வரவேற்புப் பயிற்சி உனக்கு நடக்கலை. அதைக் கவனிக்க விட்டுட்டோம்."

"அந்தப் பயிற்சியில என்ன சார் செய்வாங்க?"

"ஒரு வடத்துல ஒரு முனைதான் கேக்கணும். அது கணினி. மறு முனை சும்மா இருந்து, கேட்டதுக்குச் சொல்லணும். அதுதான் சாதனம். ரெண்டு முனையும் கேள்வி கேட்டா ரெண்டுக்கும் ஒண்ணும் புரியாது. மனுஷ மூளைக்குக் கேக்கிற பழக்கம் ஜாஸ்தி. அதனால முதல் வருஷத்துலயே காதுக்குழி வழியா ஒரு சின்ன நிரலைப் போட்டு அந்தப் பழக்கத்தை அடக்கிடுவோம். வலிக்காது."

"பரீட்சை நேரத்துக்கு மட்டுமா, எப்பவுமா?"

"பரீட்சை நேரத்துக்குன்னுதான் எழுதினாங்க. எப்பவும் தங்கிடுச்சு." அவர் குரலில் ஒளிவும் இல்லை, வருத்தமும் இல்லை. "பெத்தவங்களுக்குப் பிடிச்சிருந்தது. கம்பெனிகளுக்கும் பிடிச்சிருந்தது. அதனால சரி பண்ணலை. நீயும் உட்கார்ந்தா காபி ஆறுறதுக்குள்ள போட்டுரலாம். மணிக்கு முன்னாடி பரீட்சையும் முடிஞ்சிரும்."

வடிவு அவரையே பார்த்தாள். மூன்று வருடத்தில் இவர் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இவர் மட்டுமா, எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. வருவார்கள், சொல்வார்கள், போவார்கள். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து யாரும் இதைக் கவனிக்காததற்குக் காரணம், மற்றக் கல்லூரிகளிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

"யோசிச்சிட்டு வரட்டுமா சார்?"

"யோசிச்சிட்டு வா."

வராந்தாவில் ஹெப்சிபா அதே இடத்தில் இருந்தாள். வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அந்த நிரலைப் போட்டாவள்லா, அதுக்கு முன்னாடி நீ எப்படி இருந்த?"

"ரொம்பக் கேப்பேன். ‘வாய மூடுட்டீ’ன்னு அப்பா வெரட்டுவாங்க."

"இப்ப கேக்கணும்னே தோணாதா?"

"தோணும்." ஹெப்சிபா கையை நெஞ்சில் வைத்து, மெல்லத் தொண்டைக்கு நகர்த்தினாள். "இங்கன வரைக்கும் வரும். பொறவு, யாராவது கேக்கட்டும், அப்ப சொல்லுவோம்னு உக்காந்துக்கிடும்."

"அதனால ஏதாவது கஷ்டம் வந்திருக்கா?"

"அப்பாவுக்கு நெஞ்சுவலி மாத்திரையை ஆஸ்பத்திரியில மாத்திக் கொடுத்தாங்க. புது மாத்திரை போட்டா தலை சுத்துதுன்னாங்க. ஏன் மாத்துனீங்கன்னு டாக்டர்ட்ட கேக்கணும். எனக்குத் தெரியும், கேக்கணும்னு. அவர் மேசைக்கு முன்னால நின்னேன். அவர் என்னை ஒண்ணும் கேக்கலை. வந்துட்டேன்."

"அப்பா?"

"கடைசி வரைக்கும் அந்த மாத்திரையத்தான் சாப்பிட்டாங்க. போன வருஷம், ஆடியில."

ஆடியில் இவள் ஒரு வாரம் ஊருக்குப் போனாள். திரும்பி வந்து பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்தாள். பஸ்ஸில் கூட்டமா என்று வடிவு கேட்டிருந்தாள். கூட்டம் என்று பதில் வந்தது.

"எங்கிட்ட ஏம்ட்டீ சொல்லல?"

"நீ கேக்கல," என்றாள் ஹெப்சிபா. குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள்.

வடிவு எழுந்து, பாவாடைத் தூசியைத் தட்டிவிட்டு, மறுபடி குற்றாலிங்கத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

"நிரல் வேண்டாம் சார். பரீட்சை மட்டும் வேணும். கணினி ஏத்துக்காத பிள்ளைகளுக்குன்னு விதி ஏதாவது இருக்கா?"

இருப்பதை மறைக்க அவரால் முடியாது. கேட்டால் சொல்லிவிடுவதுதான் அந்தப் பயிற்சியில் இருந்த ஒரே நன்மை. "இருக்கு. துறைத் தலைவர் வாய்மொழித் தேர்வு நடத்தலாம். மாணவி ஒரு பொருளைப் பத்திப் பேசணும். அதைக் கேட்டு அவர் ஒரு கேள்வியாவது கேக்கணும். தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது, அவருக்கா தோணணும். அதுக்கு மாணவி சொல்ற பதிலுக்கு மார்க். இதுவரைக்கும் நடந்ததில்லை."

"இன்னைக்கு நடத்துவோமா சார்?"

"நடத்தலாம். என்னால முடியாது. முயற்சி பண்ணலாம்."

லேபிலேயே உட்கார்ந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் குற்றாலிங்கம், இந்தப் பக்கம் வடிவு. சாட்சிக்குச் சவரி. ஹெப்சிபா கதவோரம். பேச வேண்டிய பொருளாக வடிவு அன்றைக்குக் காலையிலிருந்து தான் தேடிக்கொண்டிருந்த பழுதையே எடுத்துக்கொண்டாள். வடை தின்றது முதல் எதிர்க்கேள்விப் பதிவு வரை வரிசையாகச் சொன்னாள். பயிற்சி நிரல் எங்கே போய் உட்காருகிறது, கேள்வியை எந்த இடத்தில் பிடித்து நிறுத்துகிறது என்று தனக்குத் தோன்றியதைப் பலகையில் வரைந்து காட்டினாள். முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். "நல்லா..." என்றார். "நல்லா இருந்தது."

"அது கேள்வியா சார்?"

"இல்லை."

"என்ன கேக்கணும்னு தோணுது?"

"ஒண்ணு தோணுது. வரலை." நெற்றியில் வேர்வை அரும்பியது.

"ஏன் வரலை? எங்க நிக்குது?"

"தொண்டையில நிக்குது." பதில்கள் மட்டும் தண்ணீராக வந்தன.

சவரி பொறுக்கமாட்டாமல் குனிந்தார். "நான் வேணா கேக்கட்டா? ஏம்மா, அந்த நிரலு..."

"நீங்க கேட்டா மார்க் உண்டாண்ணே?"

சவரி நிமிர்ந்துகொண்டார்.

வடிவு பலகையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வடம், இரண்டு முனை. கேட்கிற முனை, சொல்கிற முனை. காலையிலிருந்து இந்த அறையில் கேட்கிற முனையாக இருந்தது யார்? அவள்தான். அவள் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்; சாயங்காலம்வரை சாதனமாகவே இருப்பார். டிப்ளமோவில் படித்தது நினைவுக்கு வந்தது. சில கருவிகளில் முனைகள் இடம் மாறிக்கொள்ள முடியும், ஆனால் அதற்குக் கேட்கிற பக்கம் முதலில் ஓய வேண்டும். அது ஓய்ந்து, வடம் அமைதியானால்தான் மறுபக்கம் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

மொத்தத்தில், அவள் வாயை மூட வேண்டும்.

அவள் பரம்பரையில் யாரும் செய்து பார்க்காத காரியம் அது. கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். உதடுகளைக் கடித்துக்கொண்டாள். மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்றது. எண்ணெய் விட்டால் என்ன என்று வந்த கேள்வியை விழுங்கினாள். சாருக்குத் தண்ணீர் வேண்டுமா, அதையும் விழுங்கினாள். மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் என்பது தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. சவரி இருமிவிட்டு எதையோ கேட்க வாயெடுத்தார். மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

குற்றாலிங்கம் காத்திருந்தார். யாராவது கேட்பார்கள் என்று அவர் முகம் ஒவ்வொருவராகத் திரும்பியது. வடிவைப் பார்த்தது, சவரியைப் பார்த்தது, கதவோரம் நின்ற ஹெப்சிபாவைப் பார்த்தது. யாரும் கேட்கவில்லை. அவர் கை மெல்ல எழுந்து, காதுக்குப் பின்னால் போய்த் தடவியது. கழுத்து நரம்பு புடைத்தது. வெகு ஆழத்திலிருந்து வாளியை இழுப்பவர் போல மூச்சு வாங்கினார்.

"ஏம்மா..." குரல் உடைந்திருந்தது. "இதை... எடுக்க முடியுமா?"

சவரி மிதிபட்ட காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

முடியும் என்று சொன்னால் மார்க். வடிவுக்கு அது நன்றாகத் தெரியும். "தெரியல சார்," என்றாள். "நீங்க இப்ப கேட்டீங்க. அப்போ அது உள்ள முழுசா அடைக்கல. எங்கயோ வழி இருக்கு. அந்த வழி எதுன்னு கண்டுபிடிக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணை மாத்திப் பாக்கணும். நாளாகும்."

"எவ்வளவு நாளாகும்?" என்றார் குற்றாலிங்கம். கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டார். "வலிக்குமா? உனக்கு யார் சொல்லித் தந்தது? இந்தப் பொண்ணோட..." ஹெப்சிபா பக்கம் திரும்பினார். "ஏம்மா, மதியம் என் அறை ஜன்னலுக்கு வெளிய வராந்தாவுல ஏதோ சொல்லிட்டிருந்தியே, அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"சார், சார்," என்றார் சவரி, "மணி அடிக்கப் போவுது. மொதல்ல மார்க்கைப் போடுங்க."

மார்க் போடுவதென்றால் ஆசிரியரும் வடத்தைச் சொருகித்தான் போட வேண்டும்; தாளில் கையெழுத்துப் போடுவதெல்லாம் எந்தக் காலத்திலோ ஒழிந்துவிட்டது. குற்றாலிங்கம் அவசரமாகச் சொருகினார். தன் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னை யாருன்னு கேக்குது," என்றார் மெதுவாக. "நான், இத்தனை வருஷமா தெரியாதான்னு திருப்பிக் கேட்டுட்டேன் போலிருக்கு."

சவரி பிடுங்கினார், ஊதினார், துடைத்தார், சொருகினார். கணினிக்கு அந்தக் கல்லூரியின் துறைத் தலைவரைத் தெரியவில்லை. மணி அடித்தது. இணைப்பு மூடியது. சண்முகவடிவு, வரவில்லை.

பிறகு குற்றாலிங்கம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பேனா எழுதவில்லை, சவரியின் சட்டைப் பையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார். மாணவி தேர்வுக்கு வந்தாள், கேள்வி கேட்கப்பட்டது, பதில் சொன்னாள், தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்திட்டார். நெடுநாள் பழக்கமில்லாததால் கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"பல்கலைக்கழகக் கிளை அலுவலகம் திருநெல்வேலியிலதான இருக்கு? பஸ் எப்ப?" என்றார்.

"இப்ப போனா பூட்டியிருப்பாவளே சார்?"

"திறக்கிற வரைக்கும் வாசல்ல உக்காரக் கூடாதா?"

வடிவு பையை எடுத்துத் தோளில் போட்டாள். தாளை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். இதை ஏற்காவிட்டால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு ஒரு பதில் வந்தால் அதற்கும் ஓர் ஏன் கேட்பாள். கேட்கிற முனை ஓய்ந்து போகாமல் பார்த்துக்கொள்ள இப்போது இரண்டு பேர் இருந்தார்கள்.

காவல்கிணறு விலக்கில் பஸ் கிடைத்தது. ஹெப்சிபாவும் ஏறினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். முன்சீட்டில் குற்றாலிங்கம் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். இந்த பஸ் எந்த டெப்போ, டிரைவருக்கு எந்த ஊர், இந்த ஜன்னல் ஏன் மூடமாட்டேன் என்கிறது?

"சார், ஒமக்கு டிக்கெட்டு வேணுமா, வேண்டாமா?" என்றார் கண்டக்டர்.

"ஏன், வேண்டாம்னு சொல்றவங்களும் உண்டா?" என்று குற்றாலிங்கம் ஆசையாகக் கேட்டார்.

பின்னால் இரண்டு பேர் சீட்டில் ஹெப்சிபா ஜன்னலோரம், வடிவு பக்கத்தில். கேட்பதற்கு வடிவிடம் ஆயிரம் இருந்தன. அந்த மாத்திரையின் பெயர் என்ன, அம்மா இப்போது யாரோடு இருக்கிறாள், ஆடியிலிருந்து ராத்திரிகளில் தூக்கம் வருகிறதா? ஒன்றைக் கேட்டால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அதனாலேயே கேட்கவில்லை. உறையை மடியில் வைத்து, அதன்மேல் கைகளை வைத்து, வாயை இறுக மூடிக்கொண்டாள்.

வள்ளியூர் போயிற்று. நாங்குநேரி போயிற்று. ஹெப்சிபா ஒருமுறை வடிவைத் திரும்பிப் பார்த்தாள், கேட்கட்டும் என்பது போல. வடிவு எதிர்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. ஹெப்சிபாவின் கை நெஞ்சிலிருந்து தொண்டைக்குப் போனது, அங்கேயே நின்றது. அவள் மூச்சை நீளமாக இழுத்தாள்.

வடிவு அசையவில்லை. திருநெல்வேலிவரைக்கும் வழி இருந்தது.